வயிற்றுப் பசியும் மனப் பசியும்



போன மாதம் கணக்குத் தேர்வில் எனக்கு 31 மார்க். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வழியில் பெட்டிக்கடையில் இரண்டு பாக்கெட் சிப்ஸ் வாங்கி, வீடு போய்ச் சேர்வதற்குள் தின்று தீர்த்துவிட்டேன். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். அப்புறம் எதற்குத் தின்றேன்?

வயிற்றுப் பசி கொஞ்சம் கொஞ்சமாக வரும். பழைய சோறும் வெங்காயமும் கொடுத்தாலே அடங்கிவிடும். மனப் பசி திடீரென்று வரும். இனிப்பு, மொறுமொறுப்பு என்று குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். வயிறு நிறைந்தாலும் போதும் என்று சொல்லாது.

பயம் வந்தால் நம் உடம்பு பசியைக் குறைக்கத்தான் பார்க்கும். பரீட்சை அன்று காலையில் இட்லி தொண்டையில் இறங்குவதில்லையே, அதுதான். அப்படியென்றால் கவலையில் அதிகமாகத் தின்பது பிறகு கற்றுக்கொண்ட பழக்கம்தானே?

ஹில்டே புரூக் என்ற மனநல மருத்துவர் 1973-இல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கினார். குழந்தை பசியால் அழும், தூக்கத்தால் அழும், தனியாக இருந்தாலும் அழும். எல்லா அழுகைக்கும் சாப்பாட்டையே கொடுத்தால், எது பசி, எது வருத்தம் என்று பிரித்துப் பார்க்க அது கற்றுக்கொள்ளாது என்றார். நார்வே நாட்டில் 801 குழந்தைகளை 4 வயதிலிருந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. சின்ன வயதில் சமாதானம் செய்யத் தின்பண்டம் கொடுக்கப்பட்ட பிள்ளைகள், 8, 10 வயதில் வருத்தம் வந்தால் அதிகம் சாப்பிட்டார்கள்.

"அது பரம்பரை குணம்" என்றும் தப்பிக்க முடியாது. 2018-இல் லண்டனில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பரம்பரைதான் காரணம் என்றால், உருவத்தில் அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்கள் மற்ற இரட்டையர்களைவிட இதில் அதிகம் ஒத்துப்போக வேண்டும். ஆனால் இரண்டு வகையிலும் ஒற்றுமை ஏறக்குறைய ஒன்றுதான். வளர்ந்த வீடுதான் பெரிய காரணம்.

என் அம்மா நம் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். காலையில் அவர் கிளம்பும்போது என் தம்பி (5 வயது) அழுவான். உடனே பாட்டி பிஸ்கட் டப்பாவைத் திறப்பார். எனக்கும் அந்த வயதில் அதே டப்பாதான்! இதுவரை எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கோபம் வந்துவிட்டது. "எங்க காலத்துல புள்ள அழுதா குடுக்க ஒண்ணும் இல்லடி. இப்ப இருக்கு, குடுக்குறேன். அது ஒரு குத்தமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பட்டினி கிடந்து வளர்ந்தவர், பாசத்தை வேறு எப்படிக் காட்டுவார்?

டப்பாவை ஒளித்து வைக்கலாமா என்றும் யோசித்தேன். அதுவும் சரிவராது. கண்ணெதிரே வைத்துத் தொடாதே என்று தடுத்த தின்பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளுக்கு ஆசை கூடுகிறது என்று 1999-இலேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வாசலில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். பாட்டி டப்பாவை எடுக்கப் போனார். "கொஞ்சம் இரு பாட்டி" என்று சொல்லிவிட்டு, அவனை மடியில் உட்காரவைத்து, "ரொம்ப வலிக்குதாடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, "அக்கா, பசிக்குது" என்றான். பாட்டி இரண்டு பிஸ்கட் கொடுத்தார்.

— பதினோராம் வகுப்பு மாணவி