வெட்டுக் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய சதுரங்க ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்தேன். பிஷப்பால் எச்7 சிப்பாயை வெட்டி, ராஜாவை வெளியே இழுத்து, குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து, ராணியை எச்5-இல் நிறுத்தினாய். 17-ஆம் நூற்றாண்டில் கிரேக்கோ எழுதிவைத்த வழி அது. ஆனால் எதிராளியின் பிஷப் எஃப்5-க்கு வந்து எச்7-ஐக் காத்ததும் உன்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. அந்த பிஷப்புக்கு வழி திறந்திருப்பதை, உன் பிஷப்பைக் கொடுக்கும் முன்பே பார்த்திருக்கலாம்.

காயை எப்போது வெட்டுக் கொடுக்கலாம் என்று கேட்கிறாய். குதிரைக்கு 3, யானைக்கு 5 என்கிற கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வை. சண்டை நடக்கிற பக்கத்தில் உன் காய்கள் எத்தனை, அவருடையவை எத்தனை என்று எண்ணு. உன் ஏ1 யானை கடைசி வரை அசையவே இல்லை. அதையும் சேர்த்துக்கொண்டா தாக்கக் கிளம்பினாய்?

நீ சதுரங்க வீரர் தாலின் ரசிகை. 1960-இல் மாஸ்கோவில் போட்வின்னிக்குடன் ஆடிய தொடரின் 6-ஆவது ஆட்டத்தில் அவர் குதிரையை எஃப்4-இல் வெட்டுக் கொடுத்தார். அரங்கில் எழுந்த கூச்சலில் ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பலிக்குச் சரியான பதில் இருந்ததைப் பின்னால் ஆராய்ந்து காட்டினார்கள். கடிகாரம் ஓடும்போது போட்வின்னிக்குக்கு அது அகப்படவில்லை. (இன்று கணினி நொடியில் சொல்லிவிடும், உன் எதிரே உட்காருவது கணினியா என்ன?) ஆகவே கடைசிவரை கணக்குப் போட முடியவில்லையே என்று பயப்படாதே. எதிராளிக்குச் சுலபமான பதில் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் தேடு. இருந்தால் கொடுக்காதே.

ஆனால் இப்போது நீ படிக்க வேண்டியது பெட்ரோசியனை. 1953, சூரிச், ரெஷெவ்ஸ்கியுடன் ஆட்டம், பெட்ரோசியனுக்குக் கறுப்பு. வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் இரண்டும் முன்னேறத் தயார். அவற்றை மறிக்கச் சி6 குதிரை டி5-க்குப் போக வேண்டும். போகிற வழியான இ7-இல் சொந்த யானையே நிற்கிறது. 25-ஆவது நகர்த்தலில் அந்த யானையை இ6-இல், வெள்ளை பிஷப்பின் வாயிலேயே கொண்டுபோய் வைத்தார். செக் கிடையாது, மேட் மிரட்டலும் கிடையாது. குதிரை இ7-க்கு வந்தது. பிஷப் யானையை வெட்ட, சிப்பாய் பிஷப்பை வெட்டியது. குதிரை டி5-இல் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து அதை விரட்டக்கூடிய பிஷப்தான் யானையோடு போயிற்றே! 30-ஆவது நகர்த்தலில் ரெஷெவ்ஸ்கியே யானையைத் திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் டிரா. எனக்கு இது தாலின் குதிரையைவிட உயர்ந்த பலி.

அடுத்த போட்டிக்கு முன் இந்த ஆட்டத்தைக் கணினி போடாமல் ஆடிப் பார். 25-இல் நிறுத்து. யானையை வேறு எங்கே வைத்தாலும் ஏன் உதவாது என்று யோசித்து எனக்கு எழுது.