ஆண்டர்சனை எப்படி எடைபோடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

ஜேம்ஸ் ஆண்டர்சனுக்குத் தகுதிக்கு மீறிய புகழ் கிடைத்துவிட்டது என்று நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நடையில் துடிப்பு இருக்கிறது. வாதம்தான் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவில் அவருடைய சராசரி 34, கிளென் மெக்ராவின் மொத்தச் சராசரியோ 21.64, ஆகவே மேகம் கூடினால்தான் ஆண்டர்சன் என்று முடித்திருக்கிறாய். எண்கள் சரி, தீர்ப்புதான் அவசரம். கிரிக்கெட் எழுத வந்திருப்பவன் நீ. இந்த ஒரு கட்டுரையை வைத்தே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒருவருடைய புகழ் நியாயமானதா என்று கேட்பதற்கு முன், அந்தப் புகழ் என்ன சொல்கிறது என்பதை எழுதிக்கொள். ஆண்டர்சனைப் பற்றி மூன்று பேச்சுகள் உலவுகின்றன. வேகப்பந்து வீச்சாளர்களிலேயே தலைசிறந்தவர் என்பது ஒன்று. பந்தை ஸ்விங் செய்வதில் கைதேர்ந்தவர் என்பது இன்னொன்று. இவ்வளவு காலம் இவ்வளவு தரத்தோடு எந்த வேகப்பந்து வீச்சாளரும் நின்றதில்லை என்பது மூன்றாவது. நீ முதலாவதை மட்டும் உடைத்துவிட்டு, மூன்றையும் உடைத்த திருப்தியில் பேனாவை மூடிவிட்டாய்.

முதலாவதைப் பொறுத்தவரை நான் உன் பக்கம்தான். 188 டெஸ்ட், 704 விக்கெட், சராசரி 26.45. மால்கம் மார்ஷலுக்கு 20.94, கர்ட்லி ஆம்ப்ரோஸுக்கு 20.99, டேல் ஸ்டெய்னுக்கு 22.95. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் மூன்றரை முதல் ஐந்தரை ரன் வரை கூடுதல் என்பது சின்ன இடைவெளி ஆகாது. இங்கிலாந்துக்கு வெளியே போனால் ஆண்டர்சனின் சராசரி கிட்டத்தட்ட 30. இதைத் தயங்காமல் எழுது. எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தவரே தரத்திலும் முதல்வர் என்று சொல்வோருக்கு இந்தப் பதில் வேண்டியதுதான்.

ஆனால் சராசரியைப் பிரித்துப் பார்க்காமல் எழுதாதே. நீ காட்டும் அந்த 34-க்குள் ஐந்து பயணங்கள் இருக்கின்றன. 2006-07-ல் 5 விக்கெட், சராசரி 82.6. 2010-11-ல் 24 விக்கெட், சராசரி 26.04, அந்தத் தொடரை இங்கிலாந்து 3-1 என்று வென்றது. 2013-14-ல் மறுபடி சறுக்கல், 43.92. அடுத்த இரண்டு பயணங்களிலும் 30-க்குக் கீழேதான். இங்கிலாந்தில் பயன்படுத்தும் ட்யூக்ஸ் பந்தின் தையல் நெடுநேரம் புடைத்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் பயன்படுத்தும் கூக்கபுராவின் தையல் சீக்கிரமே படிந்துவிடும். ஸ்விங்கை மட்டும் நம்பிய பையனாக முதலில் போனவர், ஸ்விங் ஆகாத பந்திலும் விக்கெட் எடுக்கும் வழிகளைத் தேடிக்கொண்டார். தையலைத் தள்ளாடவிட்டு வீசும் வாபிள் சீம் வித்தையைப் பாகிஸ்தானின் முகமது ஆசிஃபைப் பார்த்துக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரே எண்ணாகப் பார்த்தால் இந்த வளர்ச்சி கண்ணில் படாது.

இனி இரண்டாவது பேச்சு, அதாவது ஸ்விங்கும் நீ சொன்ன மேகமும். 2021 பிப்ரவரி, சேப்பாக்கம், ஐந்தாம் நாள். ஆடுகளம் வறண்டு பெயர்ந்திருந்தது. 38 வயது ஆண்டர்சன் பழைய பந்தை ரிவர்ஸ் ஸ்விங் செய்து, அரைசதம் அடித்திருந்த ஷுப்மன் கில்லையும் ரன் எடுக்காத ரஹானேவையும் ஒரே ஓவரில் போல்டாக்கினார். இங்கிலாந்து 227 ரன்னில் வென்றது. 2012-ல் இங்கிலாந்து இந்தியாவில் 2-1 என்று தொடரை வென்றபோது அவர் எடுத்தது 12 விக்கெட், சராசரி 30.25. எண்ணை மட்டும் பார்த்தால் சாதாரணம். ஆனால் இரு அணிகளுக்கும் இடையிலிருந்த பெரிய வித்தியாசம் ஆண்டர்சன்தான் என்றார் தோற்ற அணியின் கேப்டன் தோனி. எதிராளி சொல்லும் சாட்சியம் இது. புள்ளிவிவரத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடு.

விக்கெட் கணக்கு சொல்லாத கதையும் உண்டு. இங்கிலாந்தில் நடந்த 2014 தொடரில் விராட் கோலியை நான்கு முறை வெளியேற்றினார் ஆண்டர்சன். கோலி பத்து இன்னிங்ஸில் 134 ரன். 2018 தொடரில் ஒருமுறைகூட வெளியேற்றவில்லை. கோலி 593 ரன். கோலி வென்றார் என்று எழுதலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் தொடரின் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் கோலி 21-ல் இருந்தபோது ஆண்டர்சன் பந்தில் வந்த கேட்சை ஸ்லிப்பில் டேவிட் மலான் தவறவிட்டார். கோலி 149 வரை போனார். ஸ்கோர் அட்டையில் இது இருக்காது. ஆட்டத்தைப் பார்த்தவன்தான் எழுத வேண்டும்.

சராசரியை மட்டுமே அளவுகோலாக வைத்தால் இன்னொரு சிக்கலும் வரும். கபில் தேவின் சராசரி 29.64. சுழலுக்கு வாகான இந்திய ஆடுகளங்களில், மறுமுனையில் நிலையான வேகத்துணை இல்லாமல் அவர் வீசிய பந்துகளை அறிந்த யாரும் அந்த எண்ணை வைத்து அவரைத் தள்ளிவிட மாட்டார்கள். கபிலுக்குச் சூழ்நிலையைச் சலுகையாகக் கொடுத்துவிட்டு, ஆண்டர்சனுக்கு அதையே குற்றமாக எழுதுகிறோமா என்று உன்னையே கேட்டுக்கொள். கேட்டபின், ஆண்டர்சனுக்குச் சாதகமான மண் நிறையவே கிடைத்தது என்பதையும் மறைக்காதே. இரண்டும் ஒரே கட்டுரையில் இருக்கலாம்.

மூன்றாவது பேச்சுக்கு எதிராக என்னிடம் வாதமே இல்லை. 2003-ல் லார்ட்ஸில் தொடங்கி 2024-ல் அதே லார்ட்ஸில் முடித்தார். நடுவே அவருடைய பந்துவீசும் முறையைப் பயிற்சியாளர்கள் மாற்றிப் பார்த்தார்கள். 2006-ல் முதுகெலும்பில் விரிசல். பத்து வருடம் ஆடிய பிறகும், 2013 முடிவில், சராசரி 30-ஐ ஒட்டித்தான் இருந்தது. அதன்பிறகு, மற்ற வேகப்பந்து வீச்சாளர்கள் ஓய்வுபெறும் வயதில், அவர் அதை 26-க்குக் கொண்டுவந்தார். டெஸ்டில் 700 விக்கெட்டைத் தொட்ட முதல் வேகப்பந்து வீச்சாளர் அவர்தான். இதை மேகம் செய்யவில்லை.

எல்லாவற்றையும் அலசிவிட்டு, கடைசியில் 'வாசகரே முடிவு செய்யட்டும்' என்று நழுவிவிடாதே. தீர்ப்பைச் சொல்வதற்குத்தான் உனக்குப் பக்கம் ஒதுக்குகிறார்கள். என் தீர்ப்பு இது: எல்லா மண்ணிலும் வென்ற மார்ஷல், மெக்ரா, ஸ்டெய்ன் வரிசைக்கு ஆண்டர்சன் ஒரு படி கீழே. ஸ்விங் கலையிலும் நீடித்த தரத்திலும் அவருக்குக் கிடைத்த புகழ் முழுக்க அவர் சம்பாதித்தது. உன் தீர்ப்பு வேறாக இருந்தால் எனக்கு வருத்தமில்லை. எந்தப் புகழை மறுக்கிறாய் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, கட்டுரையைத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்