வெலிங்டனுக்குப் பெட்டி கட்டும்போது

தமிழ்நாட்டிலிருந்து ராணுவத்துக்குத் தேர்வாகும் இளைஞர்கள் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் வழியாகப் பயிற்சி மையங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டில் இடம் கிடைத்தவர்களுக்கு நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் அல்லது ஹைதராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். ராணுவக் காவல் பிரிவில் சேரும் பெண்களுக்கும் பெங்களூருதான். 2022 ஜூனில் அக்னிபாத் திட்டம் அறிவிக்கப்பட்ட பின், சிப்பாயாகச் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் நான்கு ஆண்டு அக்னிவீரர்களாகவே எடுக்கப்படுகிறார்கள். காலாட்படையில் பயிற்சி 31 வாரம். அதில் முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி. பதினேழரை வயதிலேயே சேரலாம். பதினெட்டு நிரம்பாதவர் என்றால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். வீட்டைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியிராத பிள்ளைகள் இவர்களில் பலர்.

அந்த முதல் பத்து வாரத்தில் உடம்பு எப்படியோ பழகிவிடுகிறது. ஓட்டத்திலும் புல்-அப்பிலும் தேறித்தானே வந்திருக்கிறார்கள்! ஆளைத் தடுமாற வைப்பது வீட்டு நினைப்பும் வீட்டிலிருந்து வரும் செய்தியும்தான் என்று போய்வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆகவே போகிறவருக்கு எவ்வளவு தயாரிப்பு வேண்டுமோ அவ்வளவு வீட்டாருக்கும் வேண்டும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை, ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர். அங்கே இதையெல்லாம் யாரும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கொள்ள அக்கம்பக்கத்தில் பட்டாளத்துக்குப் போய்வந்த ஒருவர் இருப்பார். முதல்முறையாகப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்குத்தான் ஒவ்வொன்றும் புதிது.

புறப்படுமுன் முடிக்க வேண்டிய முதல் வேலை காகிதங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தகம் என்று பட்டியல் நீளம்தான். இவற்றைச் சேர்ப்பது சிரமமில்லை, ஒன்றோடொன்று பொருந்த வைப்பதுதான் சிரமம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உரிய ஒரு தலைவலி இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து; ஆதாரில் அதே எழுத்து பின்னால்; பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக. குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் எழுத்தருக்கு இம்மூன்றும் மூன்று ஆட்கள். அப்பா, அம்மா பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்பட அனைத்தையும் பத்தாம் வகுப்புப் பட்டியலுக்கு ஒத்ததாக ஊரிலேயே திருத்திக்கொண்டு போவது நல்லது. பயிற்சிக்கு நடுவே தாலுகா அலுவலகத்துக்கு ஓடிவர முடியாது.

பல்வலி இருந்தால் அதையும் ஊரிலேயே பார்த்துவிட வேண்டும். பொத்தான் தைக்க, துணிக்கு இஸ்திரி போட, வெந்நீர் இல்லாமல் முகம் மழிக்க, சொந்தத் துணியைச் சொந்தக் கையால் துவைக்கப் பழகியவர்கள் முதல் வாரத்திலேயே மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறார்கள். அம்மாவும் அக்காவும் செய்துகொடுத்தே வளர்ந்தவருக்கு இதுவே பெரிய பாடம். கடைசி மாதத்திலாவது வீட்டார் இந்த வேலைகளை அவரிடமே விட்டுவிடலாம்.

பெட்டியில் போவது அழைப்பாணையோடு வரும் பட்டியலில் உள்ளது மட்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். நல்ல பூட்டு ஒன்று, அதற்கு இரண்டு சாவி. ஊசி, நூல், துணி மார்க்கர், வெள்ளைச் சாக்ஸ் நாலைந்து ஜோடி, கால் பவுடர். டிசம்பர், ஜனவரியில் வெலிங்டனுக்குப் போகிறவர் ராமநாதபுரத்து வெயிலை மனத்தில் வைத்துத் துணி எடுக்கக்கூடாது. ஊர் 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, விடிகாலைத் தண்ணீர் எலும்பைத் தொடும். அம்மா கட்டிக்கொடுக்கும் முறுக்கும் எள்ளுருண்டையும் முதல் இரவே பேரக் முழுக்கப் பங்கு போய்விடும். அது வீண் என்று நினைக்க வேண்டாம். முகம் தெரியாத பையன்கள் பேசத் தொடங்குவது அதில்தான். மோதிரம், சங்கிலி, கைக்கயிறு எல்லாவற்றையும் பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். குலதெய்வத்தின் கயிறு என்றால் அதை அம்மா கையாலேயே வீட்டில் கழற்றி வாங்கிக்கொள்வது, மையத்தில் கத்தரியால் வெட்டுப்படுவதைவிட மனத்துக்கு லேசு.

வழியனுப்ப ஆறேழு பேர் ஆள்சேர்ப்பு அலுவலக வாசல்வரை வருவது வழக்கம். வராமலிருப்பதே மேல் என்று சொல்வது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். ஆனால் அங்கே காகிதச் சரிபார்ப்பு, பெயர் கூப்பிடுவது, வரிசை என்றே பொழுது போய்விடும். வெளியே வெயிலில் நிற்கிறவர்களைப் பார்க்கப் பையனுக்கு நேரமும் இராது, தைரியமும் இராது. அழுகையும் திருநீறும் வீட்டு வாசலோடு முடிந்து, அப்பாவோ மாமாவோ ஒருவர் மட்டும் கூடப்போவதே வசதி. அந்த ஒருவர் திரும்பும்போது, அனுப்பப்படும் மையத்தின் பெயரையும் தொடர்பு எண்ணையும் எழுதி வாங்கிவர வேண்டும்.

உள்ளே போனதும் முடி போகிறது, ஃபோன் போகிறது. ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிறுகளில் அல்லது குறித்த நேரத்தில் மட்டும் கொடுப்பது பொது வழக்கம். விடியுமுன் எழுந்து ஃபால்-இன், பி.டி., லங்கர் எனப்படும் சமையற்கூடத்தில் டீ, டிரில், ஆயுதப் பயிற்சி, வகுப்பு, மாலை விளையாட்டு, ரோல் கால் என்று நாள் ஓடும். ரோல் கால் முடிந்தபின் பூட்ஸ் பாலிஷ். யோசிக்க நேரம் விடாமல் வேலை கொடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டு நினைப்பு வருவது படுத்தபின்தான், அதற்குள் தூக்கம் முந்திக்கொள்ளும். முதல் ஞாயிறுதான் கடினம். கையில் சும்மா இரண்டு மணி நேரம் இருக்கும்.

கட்டளைகள் இந்தியில். சாவ்தான், விஸ்ராம், பீச்சே முட், தேஜ் சல், தம் ஆகியவற்றை நாலு நாளில் காது பிடித்துக்கொள்ளும். பலரும் மாட்டிக்கொள்வது எண்களில். வரிசையில் எண் சொல்லும்போது தன் முறை வந்து வாய் திறக்காதவரைப் பயிற்சி தரும் உஸ்தாத் விடமாட்டார்; ஒருவரின் தவறுக்கு மொத்தப் பிளாட்டூனும் மைதானத்தைச் சுற்றும். ஒன்றிலிருந்து நூறு வரை இந்தி எண்களைப் போகுமுன் மனப்பாடம் செய்தவருக்குப் பாதி வசவு மிச்சம். மெட்ராஸ் ரெஜிமென்டில் தமிழரோடு மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் இருப்பார்கள். அந்த ரெஜிமென்ட் வீரரைத் ‘தம்பி’ என்றே மற்ற படைகளும் அழைக்கும். சாப்பாட்டுக்கும் அங்கே பெரிய கவலையில்லை. நாசிக்கிலும் ஜபல்பூரிலும் சப்பாத்தியும் பருப்பும் முன்னால் நிற்கும். சோறு இல்லாமல் ஒரு வேளை சாப்பிடப் பழகிப் போவது உதவும்.

கால்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர் மைதானத்தில் வெறுங்காலோடு ஓடி வந்தவர்களுக்கு உள்ளங்கால் கெட்டிப்பட்டிருக்கும். ஆனால் புது பூட்ஸ் உரசுவது அங்கே இல்லை. குதிகாலின் பின்பக்கத்திலும் சுண்டுவிரல் ஓரத்திலும். முதல் நாள் சிவக்கும், மூன்றாம் நாள் நீர் கோத்துக் கொப்புளமாகும். அதன் தோலைப் பிய்த்துப்போட்டால் மறுநாள் பூட்ஸைப் போடவே முடியாது. இரவில் கழுவி, விரலிடுக்கு ஈரம் போகத் துடைத்து, பவுடர் போட்டு, காய்ந்த சாக்ஸை மடிப்பில்லாமல் இழுத்து மாட்டிக்கொள்வதுதான் வைத்தியம். கொப்புளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஓரிடத்தில் விரல் வைத்தால் சுரீரென்று வலிப்பதைப் பொறுக்கக்கூடாது. பயிற்சி பெறும் புதியவர்களுக்கு எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது அரிதல்ல. வெளியே சொன்னால் பின்னால் வரும் அணிக்குத் தள்ளி, ‘ரெலிகேட்’ செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் பையன்கள் மறைக்கிறார்கள். மறைத்த விரிசல் முறிவானால் சில வாரத்தில் முடிவது மாதக்கணக்கில் நீளும். வலி தொடங்கிய முதல் வாரமே எம்.ஐ. ரூம் எனப்படும் மருத்துவப் பரிசோதனை அறைக்குப் போவதுதான் விரைவில் தேறும் வழி.

வீட்டார் பக்கத்தில் முதல் விதி, ஃபோன் வராத நாளை ஆபத்தாக எண்ணாமலிருப்பது. இரண்டாவது, வருகிற ஃபோனை வீணாக்காமலிருப்பது. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, கையில் ஐந்து நிமிடத்தோடு பேசுகிறவரிடம், “ஏன் கண்ணு குரல் ஒரு மாதிரியா இருக்கு? இளைச்சிட்டியா? அடிக்கிறாங்களா?” என்று அம்மா தொடங்கினால், “நல்லா இருக்கேம்மா” என்ற ஒரே பதிலிலேயே நேரம் முடியும். மாடு கன்று போட்டது, தங்கை மதிப்பெண், தெருவில் தண்ணீர் வந்தது என்று வீடு வழக்கம்போல ஓடுகிறது எனக் காட்டும் பேச்சுதான் அவருக்குத் தெம்பு. கடன்காரர் வந்துபோனதையும் பங்காளிச் சண்டையையும் அங்கிருந்து அவரால் தீர்க்க முடியாது, சொல்லிப் பயனில்லை. கடிதம் எழுதும் வழக்கம் ஒழிந்துபோனது பெரும் இழப்பு. ஃபோனுக்கு நேரம் குறிப்பார்கள். கடிதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்.

சாவையோ பெரிய நோயையோ மறைப்பது வேறு விஷயம், அது தவறு. பாட்டி இறந்ததைப் பத்து நாள் கழித்து ஒரு நண்பனின் வாய் வழியாகக் கேட்கிற பையன் பிறகு வீட்டார் சொல்லும் எதையும் நம்பமாட்டான். அத்தகைய செய்தியைக் கம்பெனி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அதிகாரியோ உஸ்தாதோ பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வார்கள், விடுப்புக்கும் வழி செய்ய முடியும். இதற்காகப் பயிற்சி பெறுபவரின் எண், கம்பெனி, பிளாட்டூன் மூன்றும் வீட்டுச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். வழி தெரியாத குடும்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

“பிடிக்கலேன்னா வந்துடு சாமி” என்று சொல்லி அனுப்புவது பாசம்தான். ஆனால் அக்னிவீரர் நிபந்தனைகளின்படி நான்கு ஆண்டு முடியுமுன் சொந்த விருப்பத்தில் விலக, மிக விதிவிலக்கான சூழல் தவிர, அனுமதியில்லை. சொல்லாமல் கிளம்பி வருவது ராணுவச் சட்டத்தில் குற்றம். வீட்டில் ஒளித்து வைத்தால் நிலைமை மோசமாகும். அப்படி வந்து நிற்கிறவரை அன்றே கூட்டிக்கொண்டு போய் ஒப்படைப்பதுதான் அப்பா செய்யக்கூடிய உதவி.

பணத்தைப் பொறுத்தவரை, முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். கைக்கு 21,000, மீதி 9,000 சேவா நிதியில் சேரும், அரசும் அதே தொகையைப் போடும். நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். ஓய்வூதியம் இல்லை, நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவது 25 சதவீதம் வரைதான். “பையன் பட்டாளத்துல” என்ற தெம்பில் வீடு கட்டப் பெருங்கடன் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பெண் பார்க்கும் பேச்சையும் எடுக்க வேண்டாம்; நான்கு ஆண்டு முடியும்வரை அக்னிவீரர் திருமணம் செய்துகொள்ளக்கூடாது.

பயிற்சியின் முடிவில் கசம் பரேட். தேசியக் கொடியின் முன் அவரவர் மத நூலைத் தொட்டு உறுதிமொழி எடுப்பார்கள். பெற்றோரை அழைத்துக் கௌரவப் பதக்கம் அணிவிக்கும் வழக்கமும் உண்டு. வெலிங்டன் என்றால் குன்னூரில் அறையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, ஆதாரும் கம்பளியும் எடுத்துப்போக வேண்டும். அடுத்து விடுப்பு, பிறகு யூனிட். அந்த விடுப்பிலேயே வங்கிக் கணக்குக்கு வாரிசுதாரர் பெயர் சரியா என்று பார்த்துவிட்டு, புது யூனிட்டின் அஞ்சல் முகவரியை வீட்டில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். களத்தில் இருக்கும் யூனிட் என்றால் முகவரியில் ஊர்ப் பெயரே இராது. படைப்பிரிவின் பெயரும், பின்கோடும், 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண்ணும் இருக்கும். கடிதத்துக்கு அது போதும்.