இமையாகும் சாயங்கள்

கண்ணைக் காப்பது இமை. கூசும் ஒளி பட்டதும் ஏறத்தாழ கால் வினாடிக்குள் அது தானே மூடிக்கொள்கிறது. கதிரவன், தீப்பந்தம், மின்விளக்கு ஆகியவற்றோடு வாழ்ந்த மனிதனுக்கு இந்த வேகமே போதுமானதாக இருந்தது. ஆனால் 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தியோடர் மெய்மான் என்பவர் செயற்கைக் கெம்புக் கல்லிலிருந்து முதன்முதலாக லேசர் ஒளியை எழுப்பினார். அன்று முதல் இமையின் வேகம் போதாமற் போயிற்று.

பத்தாம் வகுப்பில் கண்ணைப் பற்றிப் படிக்கும் நாம் இதன் காரணத்தை எளிதில் உணரலாம். இணைக்கதிர்களாக வரும் லேசர் ஒளியைக் கண்ணின் வில்லை விழித்திரையில் ஒரு சிறு புள்ளியாகக் குவிக்கிறது. அப்புள்ளியில் ஒளியின் செறிவு, கண்ணின் முன்புறத்தில் இருந்ததைப் போல் சுமார் 1,00,000 மடங்காகிறது. பார்க்க உதவும் வில்லையே இங்குப் பகையாகிவிடுகிறது! சில லேசர்கள் 5 நானோ வினாடியே நீடிக்கும் துடிப்புகளாக ஒளியை உமிழ்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், இமை மூடும் கால் வினாடிக்குள் அத்தகைய துடிப்புகள் 5 கோடி அடங்கும். மேலும், 1064 நானோ மீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் கண்ணுக்கே தெரியாது. விழித்திரைக்கு வலி உணர்வும் இல்லை. ஆகவே பார்வை குறைந்த பிறகே தீங்கு தெரிய வருகிறது. வெந்துபோன விழித்திரை மீண்டும் வளர்வதுமில்லை. நிலையான பார்வையிழப்பை உண்டாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்து, 1995இல் வியன்னா நகரில் உலக நாடுகள் ஓர் உடன்பாட்டை ஏற்றன என்றால், அச்சம் எவ்வளவு மெய்யானது என்பது விளங்கும்.

கறுப்புக் கண்ணாடி அணிந்தால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். சாதாரண நிறக்கண்ணாடி, வரும் ஒளி மிகுதியோ குறைவோ, எப்போதும் ஒரே பங்கைத்தான் விழுங்கும். நூறில் ஒரு பங்கை விடும் கண்ணாடி, விளக்கொளியிலும் நூறில் ஒன்றையே விடும். லேசரைத் தடுக்கும் அளவுக்கு அதைக் கறுப்பாக்கினால் அணிந்தவருக்கு வழி தெரியாது. வெயிலில் தானே கறுக்கும் மூக்குக்கண்ணாடிகள் உண்டு. அவை கறுத்து முடிய பல வினாடிகள் வேண்டும். வெள்ளம் வந்து போன பின் அணை கட்டுவது போலத்தான் அது.

நமக்கு வேண்டியது மெல்லொளியில் தெளிந்தும் வல்லொளியில் இருண்டும் நிற்கும் பொருள். இத்தன்மை சில கரிமச் சேர்மங்களில் உள்ளது. கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்புமாக மாறி மாறி அமைந்த மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டிராமல் பரவலாக உலவுகின்றன. அதனால் அவை ஒளிக்கு மிக விரைவாக இசைகின்றன.

இதில் ஒரு வழியை லேசர் பிறப்பதற்கு 30 ஆண்டுகள் முன்பே ஒரு பெண் கணித்துச் சொன்னார் என்பது நம்மைப் போன்ற மாணவியருக்குப் பெருமை தரும் செய்தி. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற மரியா கோப்பர்ட் மேயர், ஒரு மூலக்கூறு இரண்டு ஒளித்துகள்களை ஒரே கணத்தில் விழுங்கக்கூடும் என்று தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் காட்டினார். அது 1931இல் வெளிவந்தது. ஒருவரால் தூக்க முடியாத அண்டாவை இருவர் சேர்ந்து தூக்குவதைப் போன்றது இது. ஆளில்லாத தெருவில் துணைக்கு இன்னொருவர் கிடைப்பது அரிது. வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்திலோ கேட்க வேண்டியதேயில்லை. அதுபோல ஒளியின் செறிவு 10 மடங்கானால் இவ்விழுங்கல் 100 மடங்காகிறது. மெல்லொளியில் அது இல்லாததற்குச் சமம். 1961இல் லேசரைக் கொண்டு இதனை மெய்ப்பித்தனர். அம்மையார் அமெரிக்காவில் நெடுங்காலம் உரிய ஊதியமின்றியே பல்கலைக்கழகங்களில் உழைத்தார். 1963இல் அணுக்கரு பற்றிய வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார். இயற்பியலில் மேரி கியூரிக்குப் பின் அப்பரிசைப் பெற்ற இரண்டாம் பெண்மணி அவரே.

மற்றொரு வழி இன்னும் விந்தையானது. பெரும்பாலான சாயங்கள் கடும் ஒளியில் வயிறு நிறைந்தாற்போலாகி, மிஞ்சிய ஒளியை விட்டுவிடும். சில சாயங்களோ இதற்கு நேர்மாறு. ஓர் ஒளித்துகளை உண்டு உயர்நிலைக்கு ஏறிய மூலக்கூறுக்கு அங்கே பசி முன்னிலும் அதிகமாகிறது! உண்ட ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகிவிடும். 1967இல் துணிச்சாய வகை ஒன்றிலேயே இதைக் கண்டனர். அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் அமைந்த ஃபுல்லரீன் 1985இல் கண்டுபிடிக்கப்பட்டது. டொலுயீனில் கரைந்த அதன் ஊதாக் கரைசல் லேசரின் பச்சை ஒளியை இவ்வாறு அடக்குவதாக 1992இல் அறிவித்தனர். நீல மைகளில் பயன்படும் தாலோசயனின் குடும்பமும் இதில் பேர்பெற்றது. அதன் நடுவே ஈயம், இண்டியம் போன்ற கனமான அணுவை வைத்தால், மூலக்கூறு அந்தப் பசி மிகுந்த நிலைக்கு விரைவில் சென்று அங்கேயே சற்று நேரம் தங்குகிறது.

ஆயினும் இச்சாயத்தைக் கண்ணாடியில் பூசி அணிந்துவிட்டால் அச்சமில்லை என்று எண்ணலாகாது. இவை இருள்வதற்கு ஒளி செறிந்திருக்க வேண்டும். கண்ணுக்கு வெளியே அது பரந்தே இருக்கிறது. எனவே தொலைநோக்கி போன்ற கருவிகளுக்குள், வில்லைகள் ஒளியைக் குவிக்கும் இடத்தில்தான் இவற்றை வைக்கிறார்கள். அளவு மீறினால் சாயமே கருகிவிடும் என்ற குறையும் உண்டு.

ஆகையால் ஆய்வகங்களில் பணிபுரிவோர் இன்றும் பழைய முறைக் காப்புக் கண்ணாடிகளையே அணிகின்றனர். எந்த அலைநீளத்தை எந்த அளவு தடுக்கும் என்று அவற்றின் மேலேயே பொறித்திருப்பார்கள். 6 என்ற அளவெண் இருந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே ஊடுருவும் என்று பொருள். ஆனால் பச்சை லேசருக்குச் செய்த கண்ணாடி அகச்சிவப்பு லேசருக்குப் பயன்படாமல் போகலாம். எல்லா அலைநீளங்களுக்கும் ஒருசேர இமையாக நிற்கும் ஒரே சாயம் இன்னும் கிடைக்கவில்லை.