பழைய மானிட்டருக்கு டிரைவர் தேவையா?

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய 17 இன்ச் எல்.சி.டி மானிட்டர் வாங்கி ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தாச்சு. லேப்டாப்ல மாட்டினா படம் வருது. ஆனா எழுத்து மங்கல், வட்டம் வரைஞ்சா முட்டை மாதிரி தெரியுது. அந்த மானிட்டருக்கு உரிய 1280 × 1024 ரெசல்யூஷன் லிஸ்ட்லயே இல்ல. உடனே மாடல் நம்பரைத் தேடி, பெரிய பச்சை பட்டனோட இருக்கிற ஏதோ ஒரு டிரைவர் தளத்துல கிளிக் பண்ணத் தோணும். அதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. புராஜெக்ட் முழுக்க அந்த லேப்டாப்லதானே இருக்கு!

மானிட்டர் டிரைவர்னா என்ன?

பிரிண்டர் டிரைவர் மாதிரி இது ஓடுற புரோகிராம் இல்ல. பெரும்பாலும் ஐ.என்.எஃப் என்கிற சின்ன டெக்ஸ்ட் ஃபைல்தான். நோட்பேட்லயே திறந்து படிக்கலாம். மானிட்டர் பெயர், அதிகபட்ச ரெசல்யூஷன், தாங்கக்கூடிய ரெஃப்ரெஷ் ரேட் வரம்பு இதெல்லாம் அதுல இருக்கும். கூடவே நிறங்களுக்கு ஒரு ஐ.சி.எம் ஃபைல், டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒரு கேட் ஃபைல். அவ்வளவுதான். அதனால, தயாரிப்பாளர் தளம் அல்லாத இடத்துல பெரிய இ.எக்ஸ்.இ ஃபைல் கொடுத்தா சந்தேகப்படுங்க.

128 பைட் அடையாள அட்டை

பெரும்பாலான மானிட்டர்களுக்கு இந்த ஃபைல்கூடத் தேவையில்ல. உள்ளே ஒரு சின்ன மெமரி சிப்ல 128 பைட் தகவல் இருக்கு. அதுக்குப் பெயர் எடிட். முதல் பைட் 0, அடுத்த ஆறும் 255, எட்டாவது மறுபடியும் 0. பிறகு தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடு, ஒரு எழுத்துக்கு 5 பிட் வீதம். 55-வது பைட்ல தொடங்குற 18 பைட்லதான் வழக்கமா எல்.சி.டி-யோட சொந்த ரெசல்யூஷன் இருக்கும். கடைசி பைட் செக்சம். 128 பைட்டையும் கூட்டினா 256-ஆல் மீதியில்லாம வகுபடணும்.

வி.ஜி.ஏ கேபிள்ல இந்தத் தகவல் 12, 15-ஆம் பின்கள் வழியா வருது. ஒண்ணு டேட்டா, இன்னொண்ணு கிளாக். மைக்ரோகன்ட்ரோலர் லேப்ல பார்த்த அதே ஐ-ஸ்கொயர்-சி தான். படத்துக்கான சிக்னல் வேற பின்கள்ல போகுது. அதனாலதான் பின் வளைஞ்சாலோ கேபிள் மட்டமா இருந்தாலோ படம் வரும், அடையாளம் வராது. (9-வது பின் இல்லாத கேபிள்கள் சகஜம், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க.) சில மலிவான எச்.டி.எம்.ஐ – வி.ஜி.ஏ அடாப்டர்களும் இந்தத் தகவலைச் சரியாக் கடத்துறதில்ல.

எங்கே கோளாறு?

டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்க.

1. டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு இருந்தா, இல்லாதது கிராஃபிக்ஸ் டிரைவர். மானிட்டர் மேல பழி போடாதீங்க. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்துல இருந்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் போடுங்க.

2. மானிட்டர்ஸ் கீழே 'ஜெனரிக் பி.என்.பி மானிட்டர்'னு இருந்தா, அடையாளம் கிடைச்சாச்சு. டிரைவர் வேண்டாம். சரியான ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்து, மானிட்டர்ல இருக்கிற ஆட்டோ பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. வி.ஜி.ஏ மங்கல் பெரும்பாலும் அதுலயே போயிடும்.

3. 'ஜெனரிக் நான்-பி.என்.பி மானிட்டர்'னு இருந்தா, அடையாளம் வந்து சேரல. முதல்ல வேற கேபிள், வேற அடாப்டர் மாத்திப் பாருங்க.

அப்பவும் சரியாகலையா?

மானிட்டர் பெயர் மேல ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக். தயாரிப்பாளரோட ஐ.என்.எஃப் கையில இருந்தா 'ஹேவ் டிஸ்க்' மூலமா அதைக் காட்டுங்க. இல்லைன்னா 'ஷோ கம்பாட்டிபிள் ஹார்ட்வேர்' டிக்கை எடுத்துட்டு, 'ஸ்டாண்டர்ட் மானிட்டர் டைப்ஸ்'ல 'டிஜிட்டல் ஃபிளாட் பேனல் 1280 × 1024' தேர்ந்தெடுங்க. இது விண்டோஸ்லயே இருக்கு, எதையும் டவுன்லோடு பண்ண வேண்டாம்.

பழைய ஐ.என்.எஃப்-ல கையெழுத்து இல்லைன்னு விண்டோஸ் மறுத்தா, அந்தச் சோதனையையே அணைக்கச் சொல்ற யோசனைகள் நிறைய கிடைக்கும். ஒரு ரெசல்யூஷனுக்காக லேப்டாப்போட காவலைத் தூக்க வேண்டாம்.

லினக்ஸ்ல ஐ.என்.எஃப்-க்கு வேலையே இல்ல. கர்னலே எடிட்டைப் படிச்சுக்கும்.

ஒரு எச்சரிக்கை: சி.ஆர்.டி மானிட்டர்னா, ரெஃப்ரெஷ் ரேட்டை இஷ்டத்துக்கு ஏத்தாதீங்க. வரம்பு மீறினா எல்.சி.டி பொதுவா 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'னு சொல்லிட்டு நின்னுடும். ரொம்பப் பழைய சி.ஆர்.டி பழுதாகவே வாய்ப்பு உண்டு.

அடுத்த தடவை பழைய மானிட்டர் வாங்கப் போனா, லேப்டாப்பையும் கேபிளையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கடையிலேயே மாட்டி, டிவைஸ் மேனேஜர்ல என்ன பெயர் வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க.