ஹெட்போன் ஒப்பீடு: காது சொல்வதும் கண் சொல்வதும்

சென்ஹைசர் நிறுவனம் 2015-இல் எச்இ 1 என்ற ஹெட்போனை அறிமுகப்படுத்தியது. அப்போது விலை ஏறக்குறைய 50,000 யூரோ. கூடவே வரும் ஆம்ப்ளிஃபயரின் உடல் இத்தாலியின் கராரா பளிங்கு. பொத்தானை அழுத்தினால் எட்டு வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) பளிங்குக்குள்ளிருந்து மெல்ல எழுந்து நிற்கும். பிறகு ஹெட்போன் இருக்கும் பேழையின் மூடி தானாகத் திறக்கும். இத்தனையையும் பார்த்த பிறகு, ஒலி சுமார்தான் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

எச்இ 1 மோசம் என்று நான் சொல்லவில்லை. உயர்விலை ஹெட்போன்களுக்கு இடையே ஒலி வேறுபாடு நிச்சயமாக உண்டு, அதுவும் யார் காதுக்கும் தெரிகிற அளவுக்கு. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று ஆர்வலர்கள் சொல்லும் காரணங்களில்தான் பாதிக்குமேல் கதை.

“வால்யூமைத் தொடவே இல்லை, அப்படியே மாற்றி மாட்டிக் கேட்டேன்”

நேர்மையான ஒப்பீட்டுக்கு அத்தாட்சியாக இதைச் சொல்வார்கள். ஒப்பீட்டைக் கெடுப்பதே இதுதான். சென்ஹைசர் எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் தரும் என்கிறது அதன் தயாரிப்புக் குறிப்பு. ஹைஃபைமேன் நிறுவனத்தின் சுஸ்வாரா ஹெட்போனின் குறிப்பில் 83 டெசிபல், மின்தடை 60 ஓம் என்றிருக்கும். அந்த 83 என்பது 1 மில்லிவாட்டுக்கு. கணக்குப் போட்டால் அதே 1 வோல்ட்டில் சுஸ்வாரா தருவது சுமார் 95 டெசிபல். ஆக, வால்யூமைத் தொடாமல் மாற்றி மாட்டினால் சத்தம் 8 டெசிபல் இறங்கிவிடுகிறது. பல மடங்கு விலையுள்ள பொருள் சோகையாகக் கேட்கும். உடனே கை வால்யூமுக்குப் போகும், குத்துமதிப்பாக ஏற்றும், இப்போது அது மற்றதைவிட 2 டெசிபல் கூடுதல். தீர்ப்பு தலைகீழாகிவிடும்.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-இலேயே இதன் அடிப்படையை வரைந்து காட்டிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸை மிகவும் மந்தமாகவே கேட்கிறது. சத்தம் கூடக்கூட பேஸ் மற்றவற்றைவிட வேகமாக எழுந்து வருகிறது. எனவே வால்யூமை மாற்றினாலே பாட்டின் குணம் மாறுகிறது. இதில் வேடிக்கை, அரை டெசிபல், ஒரு டெசிபல் வித்தியாசத்தை ‘சத்தம் கூடிவிட்டது’ என்று நாம் உணர்வதில்லை. ‘தெளிவு கூடியது’, ‘பாட்டுக்கு உயிர் வந்தது’ என்றுதான் உணர்கிறோம்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடுவதென்றால் 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, வெளியே வரும் வோல்ட்டேஜை மல்டிமீட்டரில் பார்த்து 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்திவிடலாம். ஹெட்போன்களில் அத்தனை துல்லியம் நடக்காது. ஒன்றில் பேஸ் தூக்கல், மற்றதில் ட்ரெபிள் தூக்கல் என்றால் எதை எதோடு சமப்படுத்துவது? பாடகரின் குரலை வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கட்டும், பிறகு மற்றதைப் பேசலாம். சத்தத்தைச் சமப்படுத்தியதாக ஒரு வரிகூட இல்லாத விமர்சனத்தை நான் பாதியில் மூடிவிடுவேன்.

“அனுபவப்பட்ட காதை ஏமாற்ற முடியாது”

காதை யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, கண்ணே அதைச் செய்துவிடும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஒலிவ் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேர் சில ஸ்பீக்கர்களைத் திரை மறைவில் ஒருமுறையும் கண்ணெதிரே ஒருமுறையும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். கண்ணில் பட்டதும் பெரிய, விலைகூடிய பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான பெட்டியின் மதிப்பெண் இறங்கியது. அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அறைக்குள் பெட்டியை இடம் மாற்றினால் ஒலி உண்மையாகவே மாறும். திரை மறைவில் அதைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள், கண்ணெதிரே பெட்டி நின்றபோது அந்த மாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை. அதாவது கண், இல்லாததைக் கேட்கவும் வைக்கிறது, இருப்பதைக் கேட்கவிடாமலும் செய்கிறது. கேட்டுப் பழகியவர்களும் இதற்கு விலக்கல்ல.

ஹெட்போனுக்குத் திரை போடுவது இன்னும் கடினம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடை தெரியும், மெத்தை தோலா வெல்வெட்டா என்று கன்னத்துக்குத் தெரியும். சென்ஹைசர் எச்டி 600 சுமார் 260 கிராம். தட்டையான சவ்வு கொண்ட பிளேனார் வகையில் 600 கிராமைத் தாண்டுபவை உண்டு. தலையில் ஏறிய கணமே எது எதுவென்று விளங்கிவிடும். ஒலிவும் அவருடைய சகா டாட் வெல்டியும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டு, வெவ்வேறு ஹெட்போன்களின் அதிர்வெண் குணத்தை (எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வரும் என்பதை) ஈக்வலைசர் மூலம் அதிலேயே வரவழைத்து, கேட்பவரை மதிப்பிடச் சொன்னார்கள். நிஜ ஹெட்போன்களுக்குக் கிடைத்த மதிப்பெண்களோடு இவை பெருமளவு ஒத்துப்போயின. பொருளின் பெயர் தெரியாதபோது மனிதர்களின் ரசனை ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றுபடுகிறது.

“விலைக்கேற்ற ஒலி”

யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் அதிர்வெண் குணத்துக்கும் விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் வந்த முடிவு: இல்லை. ஆராயப்போனால் இதில் அதிசயமும் இல்லை. ஒலியின் சாயலை அமைப்பது வடிவமைப்பாளரின் முடிவு. நல்ல முடிவு எடுக்கக் கூடுதல் பணம் வேண்டியதில்லை, தவறான முடிவை விலைகூடிய பெரிலியம் உலோகத்திலும் வார்க்கலாம்.

பணம் வேறு இடங்களில் வேலை செய்கிறது. இடது, வலது டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்) ஒன்றுக்கொன்று பொருந்துவது, அதிகச் சத்தத்திலும் பேஸ் பிசிறாமல் இருப்பது, மூன்று மணி நேரம் மாட்டினாலும் கழுத்து வலிக்காமல் இருப்பது, பத்து ஆண்டுகள் கழித்தும் உதிரி பாகம் கிடைப்பது. இவற்றுக்காகச் செலவிடுபவரை நான் குறை சொல்லமாட்டேன்.

“எலக்ட்ரோஸ்டாட்டிக் வேகமானது, டைனமிக் மெதுவானது”

எலக்ட்ரோஸ்டாட்டிக் வகையைச் சேர்ந்த ஸ்டாக்ஸ் நிறுவன ஹெட்போன்களின் சவ்வு தலைமுடியைவிட மிக மெல்லியது. 580 வோல்ட் மின்னழுத்தத்தில் இரு தகடுகளுக்கு நடுவே நிற்கும். இதைக் கேட்டதும், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வழக்கமான டைனமிக் வகையைவிட இது ‘வேகம்’ என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. ஆனால் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும் எந்த டிரைவரும் நொடிக்கு 20,000 முறை அதிர்ந்துதான் ஆக வேண்டும். மெதுவான டிரைவர் என்று ஒன்று இருந்தால் அதில் ட்ரெபிளே வராது. ஹெட்போன்களைப் பொறுத்தவரை, ஒரு தட்டல் எவ்வளவு சட்டென எழுந்து அடங்குகிறது என்பதும் அதிர்வெண் வரைபடத்தில் உள்ள மேடுபள்ளங்களும் பெரும்பாலும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள். மேடு இருக்கும் இடத்தில் ஒலி சற்று நீண்டு ஒலிக்கும். மேட்டைச் சமன்செய்தால் அந்த நீட்சியும் போய்விடும்.

சென்ஹைசர் எச்டி 800 இதற்கு நல்ல பாடம். 2009-இல் வந்தபோது ‘நுணுக்கம்’ என்றாலே இதுதான் என்று கொண்டாடினார்கள். அளந்து பார்த்தவர்கள் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு மேட்டைக் கண்டார்கள். ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளும் தாளத்தின் விளிம்பும் கூர்மையாகும் பகுதி அது. பாடகர் மூச்சு வாங்குவதும் வயலின் வில் உரசுவதும் துருத்திக்கொண்டு கேட்டன. சில பதிவுகள் காதைக் குத்தின. உள்ளே கம்பளித் துண்டு ஒட்டிச் சரிசெய்த ஆர்வலர்கள் பலர். பின்னால் வந்த எச்டி 800 எஸ்-இல் அந்த மேட்டை உறிஞ்சும் அமைப்பை நிறுவனமே சேர்த்தது. புதுச் செய்தி எதையும் எச்டி 800 பதிவிலிருந்து தோண்டி எடுக்கவில்லை, இருந்ததில் ஒரு பகுதியை உரக்கச் சொன்னது.

“300 ஓம் என்றால் மலைபோல ஆம்ப்ளிஃபயர் வேண்டும்”

ஓம் எண்ணைப் பார்த்து மிரள்வது வழக்கமாகிவிட்டது. 110 டெசிபல் உச்சத்தைத் தொட, 300 ஓம் எச்டி 650-க்குத் தேவைப்படுவது 2.2 வோல்ட், ஏறத்தாழ 17 மில்லிவாட். 60 ஓம் சுஸ்வாராவுக்கு 5.5 வோல்ட், 500 மில்லிவாட். ஓம் ஐந்தில் ஒரு பங்கு, கேட்கும் மின்திறனோ முப்பது மடங்கு. ஓமோடு சென்சிட்டிவிட்டியையும் (இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு சத்தம் என்ற அளவையும்) சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒன்றும் விளங்காது.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் எச்டி 650 ‘இதமாக’ ஒலிக்கிறது என்பது மட்டும் வெறும் பிரமையல்ல. 300 ஓம் என்பது பெயரளவு எண். 100 ஹெர்ட்ஸ் அருகே அது 500 ஓம் வாக்கில் ஏறிவிடும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடை 120 ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பகுதி பேஸ் மட்டும் சுமார் 1 டெசிபல் தூக்கலாக வரும். வால்வின் மாயம் என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு இந்தச் சாதாரண ஓம் விதி.

கேபிளும் ‘பழக்குதலும்’

கேபிளின் தடை 0.3 ஓம் இருந்தாலும் 300 ஓம் ஹெட்போனில் அதனால் குறைவது ஒரு டெசிபலில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. வெள்ளிக் கம்பி, பின்னல் கம்பி எதுவானாலும் கணக்கு இதுதான். ஆர்மேச்சர் எனும் நுண் டிரைவர்கள் பல கொண்ட சில இன்-இயர் வகைகளில் மின்தடை சில ஓம்களுக்கு இறங்குவதால் அங்கே மட்டும் கேபிளுக்குச் சின்னப் பங்கு உண்டு. பிய்ந்தால் மாற்றிக்கொள்ளும்படியான கேபிளா என்று பாருங்கள், போதும்.

இருநூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஹெட்போன் ‘திறக்கும்’ என்பார்கள். புதுச் செருப்பு கடிப்பது நின்றால், மாறியது செருப்பா காலா என்று கேட்கலாம் அல்லவா? இங்கே பெரும்பாலும் கால்தான். புதிய ஒலிச் சாயலுக்கு மூளை சில நாட்களில் பழகிவிடுகிறது. நிஜமாக மாறுவது காது மெத்தை. அது அமுங்கி, டிரைவர் காதுக்கு நெருங்கும்போது ஒலி தெளிவாகவே மாறும். ஈராண்டு பழைய மெத்தையோடு இருக்கும் ஒன்றைக் கடையில் உள்ள புதிய ஒன்றோடு ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல.

“கிராஃப் பார்த்தால் போதும், கேட்க வேண்டியதில்லை”

இது அளவீட்டை மட்டும் நம்பும் எதிரணியின் நம்பிக்கை, இதையும் விட்டுவைக்கக் கூடாது. ஹெட்போனின் அதிர்வெண் வரைபடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஹார்மன் ஆய்வுகளிலிருந்து பிறந்த இலக்குக் கோடு மிகப் பயனுள்ளது. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதுபோல ஹெட்போன் ஒலிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 3 கிலோஹெர்ட்ஸ் அருகே பெரிய மேடு, கீழே பேஸில் ஓர் ஏற்றம். அந்த மேடு நம் காதின் அமைப்பு தருவது. ஸ்பீக்கரில் கேட்கும்போது அது இயல்பாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டை அப்படியே விரும்பியவர்கள் ஏறத்தாழ மூவரில் இருவர்தான். மீதிப் பேரில் சிலருக்கு பேஸ் இன்னும் வேண்டும், சிலருக்குக் குறைவாக வேண்டும்.

அளவெடுப்பது செயற்கைக் காதில். உங்கள் காது மடலும் துளையும் வேறு. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒரே ஹெட்போன் இருவர் தலையில் இரண்டு விதமாக இருக்கும். அதே தலையில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலும் மாறும். மூக்குக் கண்ணாடியின் காம்பு, அடர்ந்த முடி, தாடை எலும்பின் பள்ளம் இவற்றின் வழியே காற்று கசிந்தால் மூடிய வகை ஹெட்போன்களில் பேஸ் வடிந்துவிடும். ‘எனக்கு பேஸே கேட்கவில்லை’ என்று கண்ணாடி அணிந்தவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

ஒலிமேடையும் அப்படித்தான். இசை தலைக்கு வெளியே, எதிரே விரிந்து கேட்கிறதா என்பது வரைபடத்தில் நேரடியாகத் தெரியாது. பெரும்பாலான பதிவுகள் ஸ்பீக்கருக்காகக் கலக்கப்பட்டவை. அங்கே இடது பெட்டியின் ஒலி வலது காதுக்கும் போகும், ஹெட்போனில் போகாது. அந்த இழப்பை மின்சுற்றால் ஈடுசெய்யும் யோசனையைப் பொறியாளர் பெஞ்சமின் பாவர் 1961-இலேயே முன்வைத்தார். இன்று இலவச மென்பொருள்களிலும் அந்த வசதி உண்டு.

அடுத்த முறை கடையில் இரண்டு ஹெட்போன்களுக்கு நடுவே நின்றால், நூறு முறை கேட்டு மனப்பாடமான பாடல் ஒன்றைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் டெமோ பதிவு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். குரலின் அளவைச் சமப்படுத்துங்கள். முப்பது நொடிப் பகுதி ஒன்றை இரண்டிலும் உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள், பிறகு ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். விலைச்சீட்டைக் கடைசியில் பாருங்கள். இதற்கெல்லாம் நேரம் தராத கடை என்றால் அங்கே வாங்காதீர்கள்.