காரின் எஞ்சின் எண்ணெயை வீட்டில் மாற்றும் முறை

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. 1985இல் பினாங்குப் பாலமும், 2014இல் பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டன. பெருநிலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மவர் பலர் இப்பாலங்களைக் கடந்து தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். இரவு பகல் பாராது வேலைக்குப் போய்வர அவர்களுக்குக் கார் இன்றியமையாதது. அக்காருக்கு உயிர்நாடியாய் இருப்பது 'மின்யாக் ஹீத்தாம்' என்று நாம் அழைக்கும் எஞ்சின் எண்ணெயாகும். அதனை வீட்டிலேயே மாற்றும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

எண்ணெயின் பணி

எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயாமல் காப்பது எண்ணெய்ப் படலமே. அது வெப்பத்தைத் தணிக்கும். கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக்கொள்ளும். பால்மரத் தோட்டத்தில் பாலைச் சல்லடையிலிட்டு வடிகட்டுவது போல, 'ஃபில்டர்' எனும் வடிகட்டி அவ்வழுக்கைப் பிடித்து வைக்கிறது. நாளடைவில் எண்ணெய் தன் வலிமையை இழக்கும். நெரிசலில் நின்று நின்று ஓடும் கார்களில் இது விரைந்து நிகழும். ஆகவே, காரின் கையேட்டில் குறிப்பிட்ட கிலோமீட்டர் கணக்கு, மாதக் கணக்கு ஆகிய இரண்டில் எது முன்னே வருகிறதோ, அப்பொழுதே மாற்றிவிட வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத காராயின், அதன் நிபந்தனைகளை முதலில் படித்தறிக.

கையேடு கூறும் வகை எண்ணெயையே வாங்குக. கலத்தின்மீது '5டபிள்யூ-30' என்பது போன்ற குறி இருக்கும். முதல் எண் குளிர்ந்த நிலையிலும், இரண்டாம் எண் எஞ்சின் சூடேறிய நிலையிலும் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதைக் காட்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் போதும்.

உயிருக்குக் காப்பு

வேலையைச் சமதரையிலேயே செய்ய வேண்டும். கைப்பிரேக்கைப் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். காருடன் வரும் 'ஜேக்' சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அது சரிந்தால் காரின் முழுப் பளுவும் அடியில் இருப்பவர்மீது விழும். ஜேக்கால் உயர்த்திய பின், காரை உறுதியான இரும்புத் தாங்கிகளின்மீது இறக்கி, அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்க. செங்கல்லை நம்பாதீர். தாங்கி இல்லையெனில் இவ்வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

செய்முறை

1. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் எளிதில் வடியும். கொதிக்கும் எண்ணெயோ கையைச் சுட்டுவிடும். ஆகவே, சற்று ஆறவிட வேண்டும்.

2. கையுறை அணிந்து, எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகாணிக்கு நேரே அகன்ற பாத்திரத்தை வையுங்கள். திருகாணியை ஸ்பானரால் தளர்த்தி, எண்ணெயை முற்றும் வடியவிடுங்கள்.

3. பழைய வடிகட்டியைக் கழற்றுங்கள். அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அகற்றுங்கள். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, வடிகட்டியைக் கையாலேயே இறுக்குங்கள்.

4. திருகாணிக்குப் புதிய வளையமிட்டு, முதலில் விரல்களால் திருகிய பின் ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் மரை அழிந்துவிடும்.

5. காரைத் தரையில் இறக்கி, புதிய எண்ணெயைக் கையேடு கூறும் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றுங்கள். எஞ்சினை இயக்கியதும் எண்ணெய் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிடில் உடனே நிறுத்துங்கள். கசிவு உண்டா என்று பார்த்து, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுகோலைப் பாருங்கள். இரு குறிகளுக்கிடையே எண்ணெய் நிற்க வேண்டும், மேற்குறியைத் தாண்டலாகாது.

6. மாற்றிய நாளையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள்.

பழைய எண்ணெயை என் செய்வது?

வேலை இத்துடன் முடிந்துவிடவில்லை. பாத்திரத்திலுள்ள கறுப்பு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றிவிடுவது பெருந்தவறு. பாயான் லெப்பாஸ் கால்வாய்களின் நீர் சுங்கை குளுவாங் போன்ற ஆறுகளின் வழியே கடலை அடைகிறது. அக்கடலை நம்பியே பத்து மாவுங், தெலுக் கும்பார் மீனவர்கள் வாழ்கின்றனர். எண்ணெய் நீரில் கரையாது. மெல்லிய படலமாய்ப் பரவி, காற்று நீரிற் கலப்பதைத் தடுக்கும். மண்ணில் கொட்டினாலும் மழை அதனை நீர்நிலைக்கே கொண்டு சேர்க்கும். பழைய எண்ணெய் அடிக்கடி உடலிற் படுவது தோலுக்கும் கேடு.

மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் பயன்படுத்திய மசகெண்ணெயை அட்டவணைக் கழிவுகளுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளன. ஆதலால், அதனை மூடியுள்ள கலத்தில் ஊற்றி, பெட்ரோலோ சாயமோ நீரோ கலவாமல், பழைய வடிகட்டியுடன் பட்டறையில் ஒப்படையுங்கள். பெற்றுக்கொள்ளும் பட்டறை எது என்பதை வேலையைத் தொடங்குமுன்பே கேட்டறிக. அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர், கார் நிறுத்துமிடத்தில் இவ்வேலைக்கு அனுமதி உண்டா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

தாங்கி, சமதரை, பழைய எண்ணெயைச் சேர்ப்பிக்க ஓர் இடம் ஆகிய மூன்றும் உள்ளவரே இவ்வேலையில் இறங்கலாம். மூன்றில் ஒன்று இல்லையெனினும் பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை.

பயிற்சி

1. ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஏன் செல்லக் கூடாது?
2. எண்ணெய் விளக்கு அணையாவிடில் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் வீட்டருகே உள்ள கால்வாயின் நீர் எந்த ஆற்றிற் சேர்கிறது?